மோரும் முதுமையும்

கொழும்பிலிருந்து கண்டிவரை இருப்புப்பாதை அமைந்தது 1867 ஆம் ஆண்டில். அதன் மலைநாட்டுக் கிளை பேராதனையிலே பிரிந்து, கம்பளையை 1873 இலும் நாவலப்பிட்டியை 1874 ஆம் ஆண்டின் இறுதியிலும் எட்டிற்று. அதற்கப்பால் மலை செங்குத்தாக உயர்ந்தமையால் பாதை ஹற்றனை அடைய மேலும் பத்தாண்டு சென்றது. அந்தப் பத்தாண்டும் நாவலப்பிட்டியே வண்டிப்பாதையின் முடிவிடம். கோப்பி மூட்டைகள் வந்து குவிந்ததும் அங்கேதான். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் கங்காணிமாரின் பின்னே நடக்கத் தொடங்கியதும் அங்கேதான். மகாவலியின் மேற்கரையில் மழைக்கும் மலைக்கும் நடுவே ஒரு கடைத்தெருவும் எஞ்சின் கொட்டகையும் சில கோயில்களுமாக வளர்ந்த அவ்வூர், தொட்டங்களுக்குப் போவோர் இளைப்பாறும் வாயிலாயிற்று. நோயுற்றுத் திரும்புவோர் வந்து சேரும் வாயிலும் அதுவே.

அவர்களை வருத்திய நோய்களுள் மலைக்காய்ச்சலைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. வயிற்று நோயைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. ஆயினும் தோட்டங்களில் உயிரைக் குடித்த கணக்கில் வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் என்றும் முன்வரிசையில் நின்றன. 1876 ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தின் தென்மாவட்டங்களிலிருந்து இலங்கைக்கு வந்தோர் தொகை முன்னெப்போதும் இல்லாதவாறு பெருகிற்று. மாதக்கணக்கில் அரைவயிறு உண்டு உடல் வற்றியவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, கிடைத்த குளத்து நீரைக் குடித்து, மாத்தளையையும் கண்டியையும் கடந்து வந்தனர். வழியிலே வாந்திபேதிக்கு மாண்டவர் பலர். தப்பிவந்தோர், பத்தடி அறையில் ஒரு குடும்பமோ இரண்டோ தங்கும் லயங்களிற் குடிபுகுந்தனர். மலசலகூடம் என்பது அந்நாளில் கோப்பிச் செடிக்கும் ஓடைக்கும் இடைப்பட்ட வெளிதான். மேல்மலை லயத்தின் கழிவு கீழ்மலை லயத்தின் குடிநீராயிற்று.

அரசாங்கம் வாளாவிருந்தது என்று சொல்லிவிட முடியாது. 1872 இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் மருத்துவமனையும் மருத்துவரும் வேண்டும் என்பது அதன் கருத்து. சட்டம் நல்லதே. ஆனால் மருத்துவமனைக்குத் தொழிலாளி வந்து சேர்ந்தது பெரும்பாலும் கடைசி நாளில். தோட்டத்திலே வேலை செய்யக்கூடிய மட்டும் அவனை அனுப்புவதற்குத் துரைமார் விரும்பவில்லை; இறந்தால் உறவினர் முகம் பாராமற் புதைத்துவிடுவார்களே என்று அஞ்சி அவனும் வர விரும்பவில்லை. ஆகவே மருத்துவமனையில் நிகழ்ந்த சாவுகளின் விகிதம் ஏறிற்று. அதைக் கேட்டு மலைமேல் அச்சமும் ஏறிற்று.

வயிற்று நோய் துரைமாரையும் விட்டுவைக்கவில்லை. வாய் வெந்து, நா சிவந்து, நாளும் நுரைத்த வெளுத்த மலமாய்க் கழிந்து, ஆண்டிரண்டில் எலும்பும் தோலுமாகும் ஒரு நோய் வெப்பநாட்டு ஐரோப்பியரைப் பிடித்தது. சீனக் கடற்கரையிலே அதனைக் கண்டு 1880 இல் விவரித்த பற்றிக் மான்சன் அதற்கு 'ஸ்புரூ' என்ற பெயரை வழங்கினார். ஆங்கில மருத்துவ நூல்களில் அதற்கு 'இலங்கை வாய்ப்புண்' என்றும் ஒரு பெயர் உண்டு என்பது இத்தீவார் பெருமைப்படத் தக்கதன்று. மான்சன் காலத்தில் அதற்கு மருந்து, பாலையே உணவாகக் கொள்வது. வேறெதுவும் உண்ணாது, வாரக்கணக்கில் பால் மாத்திரமே. அது ஏன் சிலரைத் தேற்றியது, ஏன் பலரைத் தேற்றவில்லை என்று அந்நாளில் எவருக்கும் தெரியாது. இதே நோய் பின்னர்த் தென்னிந்தியக் கிராமங்களிலே கொள்ளைநோய்போற் பரவுவதை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேக்கரும் மாதனும் 1960 ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தனர். குடலிலே இருக்கத்தகாத இடத்திற் கிருமிகள் பெருகுதல் அதில் ஒரு கூறு என்பதும், டெட்ராசைக்கிளின் கொடுத்தாற் பலர் தேறுகின்றனர் என்பதும் அக்காலத்தே தெளிவாயின. நுண்ணுயிர்க்கொல்லி குடலைக் கெடுக்கவும் கூடும், காக்கவும் கூடும் என்ற இருமுக உண்மைக்கு இது நல்ல சான்று.

1903 இல் அல்டோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலிய மருத்துவர் கொழும்புப் பற்றீரியா ஆய்வுநிலையத்தின் தலைவராக வந்தார். அவர் இங்கிருந்தது பன்னிரண்டு ஆண்டளவு. பறங்கிப்புண்ணின் கிருமியை 1905 இற் கண்டறிந்தவர் என்பதாலேயே அவர் பெயர் பெரிதும் நிலைத்தது. எனினும் வயிற்றுளைவுக் கிருமிகளை வகைப்படுத்துவதிலும் அவர் அயராது உழைத்தார். தாம் பிரித்தெடுத்த கிருமியொன்றுக்கு இலங்கையின் பெயரையே இட்டார். டென்மார்க்கு நாட்டுச் சொன்னே என்பார் 1915 இல் அதனை விரிவாக விவரித்தமையால், அவர் பெயராலேயே அது இன்று வழங்குகின்றது. அடுத்த ஆண்டு றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். சோதித்த தொழிலாளருள் மிகப் பெரும்பாலார் குடலிலே அப்புழு இருந்தது. புழுவைப் போக்க மருந்தெண்ணெய் கொடுத்தனர். மலசலகூடம் கட்டுங்கள் என்று தோட்ட முதலாளிகளை நெருக்கினர். முன்னது எளிதாக நடந்தது. பின்னது எளிதாக நடக்கவில்லை.

கஸ்தெல்லானியும் அவருக்குப் பின் வந்தோரும் ஒரு கொள்கையில் உறுதியாக நின்றனர்: கிருமி பகை, கிருமியைக் கண்டுபிடி, கொன்றுவிடு. பாஸ்டரும் கொக்கும் நிலைநாட்டிய அக்கொள்கை எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் அதே ஆண்டுகளில் பரிஸ் நகரிலே, பாஸ்டர் நிலையத்தின் உள்ளேயே, வேறொரு குரல் எழுந்தது.

இலியா மெச்னிக்கோவ் உக்ரைன் நாட்டிலே 1845 இற் பிறந்தவர். இரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்தமைக்காக 1908 இல் எர்லிக்குடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அறுபதை அண்மிய வயதில் அவர் சிந்தை முதுமையின்பாற் சென்றது. மனிதன் ஏன் மூப்படைகின்றான்? பெருங்குடலிலே உணவு அழுகுகின்றது. அவ்வழுகலில் விளையும் நஞ்சு இரத்தத்திற் கலந்து நாளங்களைக் கடினமாக்குகின்றது. அதுவே மூப்பு என்று அவர் கருதினார். 1904 இல் முதுமையைப் பற்றி அவர் ஆற்றிய உரை பரிஸ் முழுவதும் பேசப்பட்டது. பல்கேரியக் குடியானவர் நெடுநாள் வாழ்கின்றனர், அவர்கள் புளித்த பாலை உண்கின்றனர் என்ற செய்தி அவருக்கு ஊன்றுகோலாயிற்று. அப்பாலிலுள்ள கிருமியை ஸ்தாமென் கிறிகோறோவ் என்ற பல்கேரிய இளைஞர் ஜெனீவாவில் 1905 இற் பிரித்துக் காட்டினார். பாலைப் புளிக்கவைக்கும் கிருமி அமிலத்தை உண்டாக்கும். அழுகற் கிருமிக்கு அமிலம் ஆகாது. ஆதலால் தயிரை உண்டால் அழுகல் அடங்கும். கொள்கை இவ்வளவே.

கேட்டோர் சும்மா இருக்கவில்லை. புளித்த பால் மாத்திரைகள் மருந்துக் கடைகளிற் குவிந்தன. இலண்டனில் ஆபத்நொட் லேன் என்னும் பெயர்பெற்ற அறுவை மருத்துவர், நஞ்சுக்கு நிலைக்களம் பெருங்குடலாயின் அதனை அறுத்தெடுத்து விடுவதே முறை என்று கூறி, மலச்சிக்கலுக்காக வந்தோரின் பெருங்குடலை நீக்கலானார். ஒரு கருத்து அரைகுறையாக நிற்கும்போது அதன்மீது கத்தி வைப்போரும் கடை வைப்போரும் விரைந்து வருவது அன்றும் இன்றும் ஒன்றே. மெச்னிக்கோவ் 1916 இல், தம் எழுபத்தொன்றாம் வயதிற் காலமானார். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ரெட்கர், பல்கேரியக் கிருமி மனிதக் குடலிலே தங்கி வாழ்வதில்லை என்று காட்டினார். தயிர் மோகம் தணிந்தது.

மோகம் தணிந்ததேயொழியக் கருத்து அழியவில்லை. அது வேறிடங்களில் வேர்விட்டது. முதலுலகப்போர்க் காலத்தில் டோபுருஜாப் பகுதியிலே வயிற்றுளைவு பரவியபோது, அந்நோய் தீண்டாத ஒரு போர்வீரன் குடலிலிருந்து 1917 இல் அல்பிரட் நிஸ்லே ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அவனைக் காத்தது அவன் குடலில் வாழ்ந்த அக்கிருமியே என்பது அவர் துணிபு. இந்தோசீனாவிலே 1920 ஆம் ஆண்டளவில் வாந்திபேதி பரவியபோது, அங்கிருந்த ஹென்றி புலார் என்னும் பிரெஞ்சுக்காரர் லிச்சி, மங்குஸ்தான் பழங்களின் தோலைக் காய்ச்சிக் குடித்தோர் தேறுவதைக் கண்டார். அத்தோலிலிருந்து அவர் பிரித்த மதுவம் இன்றும் அவர் பெயரால் மருந்தாக விற்கப்படுகின்றது. கியோட்டோவில் மினோரு ஷிரொட்டா 1930 இல் தேர்ந்தெடுத்த கிருமி, 1935 முதற் சிறு புட்டிகளிற் பானமாக வெளிவந்தது. இவர்கள் யாவரும் சொன்னது ஒன்றுதான்: குடல் வெற்றிடமன்று, குடியிருக்கும் ஊர். ஊரிலே நல்ல குடிகள் நிறைந்திருந்தால் கள்வன் நுழைய இடமிராது.

மலைநாட்டுச் சமையலறைக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. முதல்நாட் சோற்றிலே நீருற்றி வைத்துக் காலையில் வெங்காயத்துடனும் பச்சைமிளகாயுடனும் உண்பது, தெற்கேயிருந்து வந்தோர் கொண்டுவந்த வழக்கம். வயிறு கெட்டால் மோரிலே இஞ்சியும் உப்பும் இட்டுக் கொடுப்பர். சிங்களக் கிராமங்களில் எருமைத்தயிர் மட்சட்டியில் உறையும். இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, மேனாட்டார் இன்று கண்டதை முன்னோர் அன்றே கண்டனர் என்று முழங்குவோர் உண்டு. முழக்கத்தைச் சற்றே அடக்கிக்கொள்ளுதல் நன்று. பழஞ்சோற்றிலும் மோரிலும் உயிருள்ள கிருமிகள் உண்டு என்பது மெய். அவை இன்ன நோயை இத்துணை அளவு தடுக்கும் என்று முன்னோர் அளந்து பார்க்கவில்லை. பார்க்கும் வழியும் அவர்களிடம் இருக்கவில்லை. அன்றியும் அதே லயத்தில், அதே மோரைக் குடித்த குழந்தைகள் அசுத்த நீரால் மடிந்தார்கள் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் பெனிசிலின் இலங்கைக்கு வந்தது. 1948 இல் ஓரியோமைசின் வெளியாயிற்று. அதை மண்ணிலிருந்து கண்டெடுத்தவர் பெஞ்சமின் டுகர். அவர் பணிபுரிந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே அவர் மறைந்தார். ஊசியின்றி வாயால் உட்கொள்ளத்தக்கதும், பலவகைக் கிருமிகளை ஒருங்கே கொல்வதுமான அம்மருந்து வகை மருத்துவத்தின் முகத்தையே மாற்றியது. மழைக்காலத்திலே நாவலப்பிட்டிப் பக்கத்து மலைகளில் நெஞ்சுச்சளி பிடித்த முதியவர் பிழைப்பது முன்னர் அரிதாயிருந்தது, அது எளிதாயிற்று. இதனைச் சிறிதெனக் கருதலாகாது. வட்டவளை முதலாய அயலிடங்கள் இத்தீவில் மிகுந்த மழை பெறுவன. ஈரம் ஊறும் லயத்தில் சளிக்காய்ச்சல் ஆண்டுதோறும் வரும் விருந்தாளி.

அம்மருந்துகள் ஏழைக்கும் எட்டவேண்டும் என்று பாடுபட்டவர், நாவலப்பிட்டிப் பாதை பிரியும் அதே பேராதனையிலே மருத்துவம் கற்பித்த பேராசிரியர் சேனக பிபிலே. தேவையான மருந்துகளைத் தெரிந்தெடுத்து, வணிகப்பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் மொத்தமாக வாங்கினால் விலை வீழும் என்று அவர் வாதாடினார். அவர் தலைமையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971 இல் உருப்பெற்றது. 1974 இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கித் தந்த மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்கிளின் குளிசை செய்துதர அமெரிக்க நிறுவனமொன்று இணங்காததால், மிகுந்த செலவில் அவற்றை விமானத்தில் வரவழைக்க நேர்ந்தது. மருந்துக்குப் பஞ்சம் இருந்த நாட்டில், அதை அளவின்றி வழங்குதல் பற்றி எவரும் கவலைப்படாதது இயல்பே. பிபிலே மாத்திரம் கவலைப்பட்டார். தேவையறிந்து எழுதுவது விலையறிந்து வாங்குவதைப்போலவே அவர் கற்பித்த பாடம். 1977 இற் கயானா நாட்டிலே அவர் காலமானார்.

புதுமருந்தின் மறுபக்கம் அதன் பிறப்புடனேயே தென்படலாயிற்று. உட்கொண்ட சில நாளில் சிலருக்கு வயிற்றோட்டம் கண்டது. பெரும்பாலார்க்கு அது தானே நின்றது. சிலருக்கு நிற்கவில்லை, பெருங்குடலின் உட்சுவரிலே போலிச்சவ்வு படிந்து, வயிறு உப்பி, உயிரும் போயிற்று. டென்வர் நகரத்து அறுவை மருத்துவர் பென் ஐஸ்மன், 1958 இல் அத்தகைய நால்வர்க்கு எவரும் நினையாத ஒன்றைச் செய்தார். நலமுள்ளோரின் மலத்தைக் கரைத்து, நோயாளர் குடலுக்குள் வஸ்தியாகச் செலுத்தினார். நால்வரும் தேறினர். அருவருப்பினாலோ வேறெதனாலோ அச்செய்தி நெடுநாள் மூலையிற் கிடந்தது.

அதே டென்வரில், அதற்கு இருபத்துமூன்று ஆண்டு முன்னர், ஹோலும் ஓடூலும் பிறந்த குழந்தைகளின் மலத்திலே ஒரு கிருமியைக் கண்டிருந்தனர். வளர்ப்பதற்கு மிகக் கடினமாயிருந்தமையால் 'டிபிசில்', அதாவது கடினமானது, என்றே அதற்குப் பெயரிட்டனர். குழந்தைகளுக்கு அது தீங்கு செய்யவில்லை. ஒரே நகரில் நோயைக் கண்டவர் ஒருவர், கிருமியைக் கண்டவர் வேறொருவர். இரண்டையும் இணைக்க 1978 வரை காத்திருக்க நேர்ந்தது. சென்ட் லூயிஸ் நகரில் 1974 இற் கிளிண்டமைசின் மருந்து பெற்ற 200 நோயாளரைத் தெடெஸ்கோ என்பார் தொடர்ந்து கவனித்தார். ஐவரில் ஒருவர்க்கு வயிற்றோட்டம். பத்தில் ஒருவர்க்குப் போலிச்சவ்வு நோய். நான்காண்டின் பின் ஜோன் பாட்லெற்றும் பிறரும் அதற்குக் காரணம் டிபிசில் கிருமியின் நஞ்சே என நிறுவினர்.

இந்நோய் முதியவர்மேல் ஏன் இவ்வளவு வன்மையாக விழுகின்றது? வயது ஏற ஏறக் குடல்வாழ் கிருமிகளின் வகை குறைகின்றது, நோயெதிர்ப்பும் தளர்கின்றது. முதியவர்க்கே மருந்துகள் மிகுதி. வயிற்றெரிவுக்கென்று அமிலத்தை அடக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்காக உண்போரும் அவர்களே. மருத்துவமனையில் அவர்கள் தங்கும் நாளும் நீளம். டிபிசில் கிருமி வித்துருவிலே கட்டிலிலும் கதவுப்பிடியிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கைக்குப் பூசும் மதுசாரம் அதனைக் கொல்லாது. இவை யாவற்றுக்கும் மேலாக, முதுமையில் தாகம் குன்றுகின்றது. மலைமேல் லயத்தில் எழுபத்தைந்து வயது மூதாட்டி ஒருத்தி சளிக்காய்ச்சலுக்கு மருந்து பெற்று வீடு திரும்புகின்றாள் எனக் கொள்க. ஐந்தாம் நாள் வயிறு கழிகின்றது. மருந்தின் சூடு என்று வீட்டார் எண்ணுவர். வெளியே இருக்கும் மலசலகூடத்துக்கு இருளில் நடக்க அஞ்சி, அவளே நீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். இரண்டு நாளிற் சிறுநீர் வற்றும். தலைசுற்றி வீழ்ந்து இடுப்பெலும்பு முறியும். சாவுக்குக் காரணம் வீழ்ச்சி என்று எழுதப்படும்.

வயிற்றோட்டம் எல்லாம் டிபிசில் கிருமியால் வருவதன்று. நாலில் மூன்று பங்கு, அல்லது அதற்கும் மேல், வேறு வகையினது. பெருங்குடலிலே செரியாத மாப்பொருளைப் புளிக்கவைத்து உடலுக்கு உதவும் கிருமிகள் மருந்தால் மடிகின்றன. செரியாத மாப்பொருள் நீரை இழுத்து வைத்துக்கொள்கின்றது. மடிந்தவற்றின் இடத்தை நல்ல கிருமிகளை உண்ணக்கொடுத்து நிரப்பலாமே என்ற எண்ணம், மெச்னிக்கோவின் பழைய கனவைத் தட்டியெழுப்பிற்று. 'புரோபயோட்டிக்' என்னும் சொல் 1965 இலேயே வழக்கிற்கு வந்துவிட்டது. 2001 இல் உலக உணவு, சுகாதார நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழு, போதிய அளவில் உட்கொண்டால் நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர் என்று அதற்கு இலக்கணம் வகுத்தது. 'போதிய அளவு', 'நலம் பயக்கும்' என்னும் அவ்விரண்டு தொடர்களையும் விளம்பரக்காரர் பின்னர் வசதியாக மறந்தனர்.

இலண்டன் மருத்துவமனைகளில் மேரி ஹிக்சனும் பிறரும் நடத்திய சோதனை 2007 இல் வெளியாயிற்று. சராசரி 74 வயதுடைய 135 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்குக் கிருமியுள்ள புளித்த பாற்பானத்தையும் மறு சாரார்க்குக் கிருமியற்ற பாற்பானத்தையும் நாள்தோறும் இருமுறை கொடுத்தனர். முன்னவருள் வயிற்றோட்டம் கண்டோர் 12 வீதம். பின்னவருள் 34 வீதம். டிபிசில் கிருமி நோய் முன்னவருள் ஒருவர்க்கும் இல்லை. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் ஊன்றிப் படித்தோர், சோதனைக்கு ஏற்கப்பட்டோர் தொகை சிறிது, விலக்கப்பட்டோர் தொகை பெரிது என்று சுட்டினர். வயிறு கெட்டவர்க்குப் பாற்சர்க்கரை நிறைந்த பானத்தை ஒப்பீட்டுக்குக் கொடுத்தால் அவர்க்கு வயிற்றோட்டம் மிகுவது வியப்போ என்றும் வினவினர். எனினும் இத்தகைய சிறு சோதனைகள் பலவற்றைத் திரட்டி 2012 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரைக் கணக்கிட்டு, வயிற்றோட்டம் நூற்றுக்கு நாற்பது பங்களவு குறைகின்றது என்றது.

மறு ஆண்டே பெருஞ்சோதனையின் முடிவு வந்தது. வேல்ஸ் நாட்டிலும் வடகீழ் இங்கிலாந்திலும் ஐந்து மருத்துவமனைகளில், 65 வயதும் அதற்கு மேலுமான ஏறக்குறைய 3,000 பேர். ஒரு சாரார்க்கு நான்கு வகைக் கிருமிகள் அடங்கிய குளிசை, மறு சாரார்க்கு வெறுங்குளிசை, 21 நாள். நடத்தியவர் ஸ்வான்சியைச் சேர்ந்த ஸ்டீவன் அலனும் துணைவரும். கிருமி உண்டோருள் வயிற்றோட்டம் 10.8 வீதம், உண்ணாதாருள் 10.4 வீதம். டிபிசில் நோய் முறையே 0.8, 1.2 வீதம்; அவ்வேறுபாடும் தற்செயலாக நிகழக்கூடிய அளவினதே. எந்த முதியவர்க்காக இம்மருந்து பேசப்பட்டதோ, அவர்களிடையே நடந்தவற்றுள் மிகப் பெரிய சோதனையிலே அது வெறுங்குளிசையை வெல்லவில்லை. அதே 2013 இல் ஒல்லாந்திலிருந்து வந்த செய்தியோ ஐஸ்மனை நினைவூட்டிற்று: திரும்பத் திரும்ப டிபிசில் நோயுற்ற 16 பேருக்கு நலமுள்ளோர் மலக்கரைசலைக் குடலிற் செலுத்தியபோது, முதல் முறையிலேயே 13 பேர் குணமடைந்தனர். நான்கு வகைக் கிருமி செய்யாததை ஓர் ஊர் முழுதும் திரண்டு செய்தது போலும்.

இதன்மேல் எழுந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு சாரார், கிருமி என்ற பொதுப்பெயரால் எல்லாவற்றையும் ஒன்றாக்குவது தவறு, சில இனங்கள் பயன்தரும், சில தரா என்பர். 2017 இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வு, டிபிசில் நோய் வரும் வாய்ப்பு மிகுந்த இடங்களிலே புரோபயோட்டிக் அதனைப் பாதிக்கு மேற் குறைக்கின்றது என்று காட்டியது. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் கழகம் 2020 இற் சில குறித்த இனங்களை மாத்திரம், சான்று வலிதன்று என்ற குறிப்போடு, பரிந்துரைத்தது. மறு சாரார் எடுத்துக்காட்டுவது இஸ்ரேலிலே 2018 இல் நடந்த சிறு ஆய்வு: நுண்ணுயிர்க்கொல்லி உண்டபின் புரோபயோட்டிக் உட்கொண்டோர்க்கு, அவரவர்க்குரிய பழைய கிருமிகள் குடலுக்கு மீள்வது விரைவுபடவில்லை, மாறாகத் தாமதித்தது. வந்தேறிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஊரார் திரும்புவது கடினம். நெதர்லாந்திலே 2008 இற் கணைய அழற்சி நோயாளர்க்குப் புரோபயோட்டிக் கொடுத்தபோது, கொடுக்கப்பட்டோருள் இறந்தோர் 16 வீதம், கொடுக்கப்படாதோருள் 6 வீதம். எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்க்கும் இரத்தநாளத்திற் குழாய் பொருத்தப்பட்டவர்க்கும் இக்கிருமிகளே இரத்தத்திற் புகுந்து நோய் விளைத்த நிகழ்ச்சிகள் உண்டு. தீங்கற்றது, கொடுத்துப் பார்ப்போம் என்று கூறுவோர் இதனை எண்ணவேண்டும்.

தென்னாசியாவிலே இத்துறையிற் சிறந்த பணி நடைபெற்றது முதியோரிடமன்று. குழந்தைகளிடத்தும் வாந்திபேதி நோயாளரிடத்துமே. ஒடிசாக் கிராமங்களிலே நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட சிசுக்களுக்குப் பிறந்த சில நாளிலேயே ஒருவகை லக்டோபசிலசும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையும் கொடுத்தபோது, இரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்த விகிதம் 9 வீதத்திலிருந்து 5.4 வீதமாக இறங்கியது என்று 2017 இல் அறிவிக்கப்பட்டது. வேலூரிலே ராமகிருஷ்ணாவும் பிறரும் 2000 இல் காட்டியது இன்னும் நுட்பமானது. வாந்திபேதி நோயாளர்க்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசலிலே, சிறுகுடலிற் செரியாத ஒருவகை மாப்பொருளைச் சேர்த்தனர். அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள கிருமிகளுக்கு இரையாகி, அவை உண்டாக்கும் அமிலங்கள் நீரையும் உப்பையும் உடல் மீண்டும் உறிஞ்சத் துணைசெய்தன. கழிச்சல் குறைந்தது. புதுக் கிருமியை வெளியிலிருந்து கொணராமல், இருக்கும் கிருமிக்கு உணவிட்ட முறை இது.

இலங்கையின் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அறுபதும் அதற்கு மேலுமான வயதினர் 12.4 வீதம், அவ்விகிதம் அதன்பின் ஏறியே வந்துள்ளது. நாவலப்பிட்டி மாவட்டப் பொது மருத்துவமனைக்கு வரும் சுற்றுப்புற மலைகளிலும், இளையோர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றபின், லயத்தைக் காத்திருப்போர் முதியோரே. நகரத்து மருந்துக்கடையில் ஒரு கிழமைக்குரிய நற்கிருமிக் குளிசைகளின் விலை, அவர்களுட் பலர்க்குப் பல நாட் சாப்பாடு. அக்குளிசை வேண்டுமா வேண்டாவா என்பதை மருத்துவர் அவரவர் நோய்நிலை அறிந்து கூறவேண்டும். ஆனால் அதனினும் முன்னே நிற்கும் கேள்வி வேறு: தடிமனுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும் என்று கேட்டு வாங்குவது எதற்காக? வேண்டாத மருந்தை உண்ணாதவர்க்கு அம்மருந்தால் வரும் வயிற்றோட்டம் இல்லை. வேண்டிய மருந்தாயின், வயிறு இளகியது என்று தாமாகவே நிறுத்திவிடுதலும் கூடாது. எழுதித் தந்தவரிடம் உடனே சொல்லவேண்டும்.

வயிற்றோட்டம் கண்ட முதியவர்க்கு முதல் நாளே கொடுக்கத்தக்கது ஜீவனி. பொதியிற் சொல்லிய அளவு நீரிலே கரைத்து, தாகம் எடுக்கிறதா என்று பாராமல், சிறுகச் சிறுகப் பருகத் தரவேண்டும். சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவராயின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் முறை. நாளுக்கு மூன்று முறைக்கு மேற் கழிந்தாலும், காய்ச்சலோ இரத்தமோ கண்டாலும், மருந்து முடிந்து சில கிழமைக்குள் வந்ததாயினும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். பராமரிப்பவர் கையைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவவேண்டும். மோர் கேட்டால் தடையில்லை. சுத்தமான நீரில் கடைந்ததாக இருக்கட்டும்.